நீ எண்ணுனியா?

2007 நவம்பர் 26, திங்கட்கிழமை காலை. அப்பா வேலைக்குப் போகவில்லை. முதல் நாள் கோலாலம்பூரில் வாங்கிய கண்ணீர்ப்புகையில் கண்கள் இன்னும் சிவந்திருந்தன. எனக்கு எஸ்.பி.எம். தேர்வு நேரம். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்குப் போய் மூன்று மொழிகளில் நாலு நாளிதழ்கள் வாங்கி வந்தார். மலாயும் தமிழும் அவரே வாசிப்பார். ஆங்கிலத்தை நான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

ஒவ்வொன்றாக வாசித்தோம். சட்டவிரோதப் பேரணி. போக்குவரத்து நெரிசல். கடைக்காரர்களுக்கு நட்டம். சுற்றுப்பயணிகள் அவதி. சில ஆயிரம் பேர். கூட்டம் கலைக்கப்பட்டது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"அப்போ நாங்க வெறும் நெரிசல்தானாடா?"

கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர் அவர். நெரிசல் என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு, சாலைத் தடுப்புகளுக்குப் பயந்து, பக்கத்து வீட்டு அங்கிளோடு மோட்டாரில் குறுக்குப் பாதைகளாகத் தேடிப் போனவர். ஒரு ஈரத்துண்டும் கொஞ்சம் உப்பும்தான் கையில் கொண்டுபோனது. ஜாலான் அம்பாங்கில் நின்றிருக்கிறார். பிரிட்டிஷ் அரசியாருக்கு ஒரு மனு கொடுக்க வேண்டும், ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனவர்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்பதுதான் ஹிண்ட்ராஃப் அழைப்பு. அந்த வழக்கு ஜெயிக்குமா என்றெல்லாம் அப்பா யோசித்ததாகத் தெரியவில்லை. "போயி நிக்கணும்னு தோணுச்சு" என்று மட்டும் சொன்னார். அதே விடியற்காலை பத்துமலையில் கோயில் வளாகத்துக்குள்ளே கூடியிருந்தவர்கள் மீது தண்ணீர் பீய்ச்சப்பட்டு, கண்ணீர்ப்புகையும் வந்து விழுந்தது.

அப்பாவின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இத்தனை வருஷம் கழித்துக் கொஞ்சம் முயன்று பார்க்கிறேன்.

*

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அன்றைய நாளிதழ்கள் பொய் சொன்னதாக நான் சொல்ல வரவில்லை. நெரிசல் இருந்தது. கடைகள் மூடிக் கிடந்தன. எல்லாம் உண்மைதான். ஊடகச் சார்பு என்றதும் நாம் உடனே பொய்யைத் தேடுகிறோம். பொய் அபூர்வமாகத்தான் கிடைக்கும், கிடைத்தால் மாட்டிக்கொள்ளும்.

ஓர் உதாரணம். 2012 ஏப்ரல் 28 பெர்சே 3.0 பேரணியை ஆஸ்திரேலிய செனட்டர் நிக் செனஃபோன் நேரில் வந்து பார்த்தார். சில நாட்களில் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், அவர் இஸ்லாத்துக்கு எதிராகப் பேசியவர் என்று ஒரு கட்டுரை போட்டது. அவர் 2009இல் பேசியது சயன்டாலஜி என்ற அமைப்பைப் பற்றி. அந்தச் சொல் இருந்த இடத்தில் இஸ்லாம் என்ற சொல் வந்து உட்கார்ந்திருந்தது. விஷயம் வெளியே வந்ததும் நாளிதழ் மன்னிப்புக் கேட்டது. பொய்யின் கதை அவ்வளவுதான். அதற்கு ஒரு முடிவு உண்டு.

தணிக்கையாவது தன்னைக் காட்டிக்கொள்ளும். 2011 ஜூலை பெர்சே 2.0 பற்றி தி எகானமிஸ்ட் எழுதிய கட்டுரை இங்கே விற்பனைக்கு வந்தபோது சில வரிகள் கறுப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. அந்தக் கறுப்புப் பட்டை வாசகனுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: இங்கே ஏதோ இருக்கிறது, உனக்குக் காட்ட மாட்டார்கள். பலரும் உடனே இணையத்தில் போய் அந்த வரிகளைத் தேடி வாசித்தார்கள்.

சார்புக்குக் கறுப்புப் பட்டை கிடையாது. எல்லா வரியும் தெளிவாக வாசிக்கக் கிடைக்கும். எல்லா வரியும் உண்மையாகவும் இருக்கும். அதனால் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. "நெரிசல்தானா" என்று அப்பா கேட்டது இதைத்தான். அவர்மேல் பொய் சொல்லியிருந்தால் அவர் கோபப்பட்டிருப்பார். அன்று அவரிடம் கோபத்தைப் பார்க்கவில்லை. ஒரு மாதிரி வெட்கப்பட்டவர் போல இருந்தார்.

*

செய்தித் தமிழைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். "கண்ணீர்ப்புகை வீசப்பட்டது." "கூட்டம் கலைக்கப்பட்டது." "நிலைமை கட்டுக்குள் கொண்டுவரப்பட்டது." யார் வீசினார்கள், யார் கலைத்தார்கள்? வாக்கியத்தில் ஆளே இல்லை. அதே செய்தியின் அடுத்த பத்தியில் "ஆர்ப்பாட்டக்காரர்கள் போக்குவரத்துக்கு இடையூறு விளைவித்தனர்" என்று வரும். இங்கே ஆள் உண்டு. அடிக்கும்போது அடித்தவர் காணாமல் போகிறார். நடக்கும்போது நடந்தவர் குற்றவாளி மாதிரி முன்னால் வந்து நிற்கிறார். மேலே நானே "தண்ணீர் பீய்ச்சப்பட்டு" என்று எழுதியிருக்கிறேன், பாருங்கள். திருத்தாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பழக்கம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று எனக்கே தெரியட்டும்.

நம் வீட்டில் யாரும் 'பட்டது' போட்டுப் பேசுவதில்லை. அப்பா சொன்னது இப்படி: "போலீஸ்காரன் தண்ணி அடிச்சான். பொகை விட்டான். நாங்க ஓடுனோம். திரும்பவும் வந்து நின்னோம்." ஒவ்வொரு வாக்கியத்திலும் யார் செய்தது என்று இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நிறுத்தியவரின் தமிழ், அன்றைய நாளிதழ்த் தமிழைவிட நேர்மையாக இருந்தது.

இன்னொன்று, பேரணிக்கு முன்பே வந்துவிடும் சொல். மலாய் நாளிதழ்களில் 'பெர்ஹிம்புனான் ஹாராம்' என்று போடுவார்கள். ஹாராம் என்றால் சட்டத்துக்குப் புறம்பானது. மதம் விலக்கியதும் ஹாராம்தான். கூட்டம் கூடுவதற்குப் பல நாட்கள் முன்பே அந்தச் சொல் வாசகனின் மனசில் உட்கார்ந்துவிடுகிறது. பிறகு நடப்பதெல்லாம் அந்தச் சொல்லுக்கு விளக்கவுரை.

இது மலேசியாவின் தனிச்சொத்தும் இல்லை. 1968 அக்டோபர் 27 அன்று லண்டனில் வியட்நாம் போருக்கு எதிராகப் பெரிய ஊர்வலம் நடந்தது. கலவரம் வரப்போகிறது என்று அங்குள்ள நாளிதழ்கள் முன்பே எழுதிவிட்டன. ஊர்வலம் பெரும்பாலும் அமைதியாக முடிந்தது. ஒரு சதுக்கத்தில் சிறு கூட்டம் போலீஸோடு மோதியது. மறுநாள் செய்தி அந்தச் சதுக்கம்தான். பிறகு இதை ஆராய்ந்த ஆய்வாளர்கள் சொன்னது எளிமையானது: முன்கூட்டியே எழுதிவைத்த கதைக்குப் பொருந்தியது செய்தியானது, பொருந்தாதது கரைந்துபோனது. அந்த நாட்டில் பத்திரிகைக்கு வருடாந்திர உரிமம் என்று ஒன்று கிடையாது. அதனால் எல்லாவற்றையும் சட்டத்தின் தலையில் கட்டிவிடவும் முடியாது.

*

ஆனால் சட்டத்தை மறந்துவிட்டுப் பேசுவதும் நியாயமில்லை. 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி இங்கே நாளிதழ் நடத்த உள்துறை அமைச்சின் உரிமம் வேண்டும். 2012 வரை ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. 1987 ஓப்ஸ் லாலாங் நடவடிக்கையில் தி ஸ்டார், சின் சியூ, வத்தான் மூன்றும் நிறுத்தப்பட்டதை எந்த ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார். அதோடு உரிமையாளர்கள் யார் என்பதும் இருக்கிறது. உத்துசான் அப்போது அம்னோவினுடையதாக இருந்தது, தி ஸ்டார் ம.சீ.ச.வினுடையது. தமிழ் நேசன் ம.இ.கா. தலைவர் சாமிவேலுவின் குடும்பத்திடம் இருந்தது. 2007இல் தெருவில் நின்றவர்களின் கோபத்தில் பெரும்பங்கு ம.இ.கா. தலைமை மீதும் இருந்தது. யாருக்கு எதிராகக் கூட்டம் கூடியதோ அவர்கள் வீட்டிலேயே செய்தி அச்சாகிறது என்றால், என்ன அச்சாகும்?

மக்கள் ஓசை அப்போது ஹிண்ட்ராஃபுக்கும் எதிர்க்கட்சிகளுக்கும் நிறைய இடம் கொடுத்தது. 2008 ஏப்ரலில் அதன் உரிமம் புதுப்பிக்கப்படாமல் சில நாட்கள் நின்று, மேல்முறையீட்டுக்குப் பிறகே திரும்பக் கிடைத்தது. அந்த நாளிதழை எங்கள் தாமானில் கொண்டாடினார்கள். எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அது ம.இ.கா.வுக்குள்ளேயே சாமிவேலுவின் எதிரணிக்கு நெருக்கமானதாக அறியப்பட்டது என்பதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். போட்டியாளரின் பகையால் அச்சேறிய உண்மை, உண்மை இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. உண்மை எந்த வாசல் வழியாக வந்தாலும் உண்மைதான். ஆனால் அந்த வாசலை நம்பி யாரும் வீடு கட்ட முடியாது. பகை தீர்ந்தால் கதவு சாத்திவிடும்.

சம்பளத்துக்கு எழுதும் நிருபரைக் குற்றவாளி ஆக்கலாமா? நான் ஆக்க மாட்டேன். வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாம் அவருக்கும் உண்டு. ஆனால் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். பயத்தால் ஒரு வரியை விடுவது ஒன்று. யாரும் கேட்காமலேயே ஒரு வசைச்சொல்லைச் சேர்ப்பது வேறு. முதலாவதைச் செய்தவரோடு நான் உட்கார்ந்து தே தாரிக் குடிப்பேன்.

*

எண்ணுக்கு வருவோம். ஏனென்றால் எல்லாச் சண்டையும் கடைசியில் எண்ணில்தான் முடிகிறது.

2007 நவம்பர் 10, முதல் பெர்சே: போலீஸ் கணக்கு 4,000. ஏற்பாட்டாளர்கள் கணக்கு 40,000 அல்லது அதற்கும் மேல். ஹிண்ட்ராஃப்: வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்கள் 10,000க்கு மேல் என்றன, ஏற்பாட்டாளர்கள் 30,000 என்றார்கள். 2011 ஜூலை 9, பெர்சே 2.0: போலீஸ் கணக்கு ஐந்து அல்லது ஆறாயிரம், ஏற்பாட்டாளர்கள் கணக்கு 50,000. அன்று கைதானவர்கள் மட்டும் 1,600க்கும் மேல். போலீஸ் கணக்கை நம்பினால், வந்தவர்களில் நாலில் ஒருவர் கைதாகியிருக்க வேண்டும். இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்க்கப் பத்திரிகை அலுவலகத்தில் கால்குலேட்டர்கூடத் தேவைப்பட்டிருக்காது.

கூட்டத்தை எண்ணவே முடியாது என்பதும் இல்லை. 1960களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் ஆசிரியராக இருந்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், தன் அலுவலக ஜன்னலிலிருந்து கீழே மாணவர்களின் போராட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சதுக்கத்தின் தரை கட்டம் கட்டமாகப் போடப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் என்று எண்ணி, கட்டங்களால் பெருக்கினார். தளர்வான கூட்டத்தில் ஓர் ஆளுக்குப் பத்துச் சதுர அடி, நெருக்கமான கூட்டத்தில் நாலரைச் சதுர அடி என்று ஒரு கணக்கு அதிலிருந்து வந்தது. அறுபது அடி அகலச் சாலை அரைக் கிலோமீட்டருக்கு நிரம்பியிருந்தால், தளர்வாக நின்றாலே பத்தாயிரத்தை நெருங்கும். நெருக்கமாக நின்றால் இருபதாயிரத்தைத் தாண்டும். ஒரு புகைப்படமும் ஒரு வரைபடமும் இருந்தால் போதும்.

அதைச் செய்யாமல் "போலீஸ் இவ்வளவு என்றது, ஏற்பாட்டாளர்கள் இவ்வளவு என்றனர்" என்று எழுதுவதற்கு நடுநிலை என்று பெயர் வைத்திருக்கிறோம். பசாரில் தராசைக் கையில் வைத்துக்கொண்டே, "விற்பவர் ரெண்டு கிலோ என்கிறார், வாங்கியவர் ஒரு கிலோ என்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போகிற மாதிரிதான் இது. ரெண்டு பக்கத்தையும் கேட்டாயிற்று. மீன் என்ன எடை என்று யாருக்கும் தெரியாது. தராசு வைத்திருந்தவன் எடை போடாமல் விட்டதில் ஒரு பக்கம் லாபம் பார்த்துவிட்டது. 4,000 என்பதும் 40,000 என்பதும் சமமான ரெண்டு கருத்துகள் அல்ல. ஒன்று மற்றதைவிட உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எது என்று பார்த்துச் சொல்வதுதான் வேலை.

ஆங்கிலத் தத்துவவாதி மிராண்டா ஃப்ரிக்கர் எழுதிய ஒரு நூல் அதே 2007இல் வெளிவந்தது. சாட்சி சொல்பவருக்கு இழைக்கப்படும் ஓர் அநீதியைப் பற்றி அதில் பேசுகிறார். ஒருவர் சொல்வதை, அவர் சொல்லும் விஷயத்தை வைத்து அல்லாமல், அவர் யார் என்பதை வைத்துக் குறைத்து நம்புவது. தோட்டத்தில் பிறந்த லோரி ஓட்டுநர் ஒருவர் தான் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் அது 'உணர்ச்சி'. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரி சொன்னால் அது 'தகவல்'. அப்பாவின் முகத்தில் நான் பார்த்த வெட்கத்துக்கு அந்த நூலில்தான் எனக்குப் பெயர் கிடைத்தது. தான் நின்ற இடத்தில் தான் நின்றதையே யாரோ ஒருவர் சரிபார்த்துத் தர வேண்டியிருக்கிறது.

*

இத்தோடு முடித்திருந்தால் இது எனக்கு வசதியான கட்டுரையாக இருந்திருக்கும். நாம் நல்லவர்கள், நாளிதழ்கள் கெட்டவை. ஆனால் 2018 டிசம்பரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆண்டு மே மாதம் ஆட்சி மாறியது. நான் ஓட்டுப் போட்ட கூட்டணி ஆட்சிக்கு வந்தது. இன ஒதுக்கலுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில், ஐசெர்ட் என்று சொல்வார்களே, அதில் கையெழுத்திடப்போவதாகச் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் பின்வாங்கினார்கள். ஆனாலும் டிசம்பர் 8 அன்று கோலாலம்பூரில் வெள்ளைச் சட்டைக் கூட்டம் திரண்டது. போலீஸ் கணிப்பே ஐம்பதாயிரத்தைத் தாண்டியது.

எனக்கு அந்தக் கூட்டத்தின் கோரிக்கையில் உடன்பாடு இல்லை. இன்றைக்கும் இல்லை. அன்று மாலை வீட்டில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அம்பதாயிரமாம். சும்மா. பஸ்சு வச்சு ஏத்திட்டு வந்திருப்பானுங்க. நாசி பொங்குஸ் குடுத்திருப்பானுங்க. ரோடெல்லாம் ஜாம், பாவம் ஜனங்க."

அப்பா தொலைக்காட்சியிலிருந்து திரும்பினார்.

"நீ எண்ணுனியா?"

"இல்லப்பா, ஆனா..."

"எங்க நின்னு பாத்த?"

நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"நீங்க மட்டும் அன்னைக்கு எண்ணுனீங்களா? முப்பதாயிரம், முப்பதாயிரம்னு எத்தன வருஷமா சொல்றீங்க" என்று மடக்கினேன்.

"எண்ணல" என்றார். "அங்க நின்னேன். நீ சொன்னதெல்லாம் எங்களயும் சொன்னாங்க. காசு வாங்கிட்டுப் போனேன்னு உங்க பெரியப்பாவே கேட்டாரு."

நான் எழுந்து அறைக்குள் போய்விட்டேன். பஸ், சோற்றுப் பொட்டலம், நெரிசல். பதினொரு வருஷத்துக்கு முன்னால் சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கு நான் வாசித்துக் காட்டிய அதே செய்தியை, நான் வெறுக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை மாறாமல் நானே எழுதியிருந்தேன். எனக்கு உரிமம் கொடுத்த அமைச்சர் யாரும் இல்லை. உரிமையாளர் இல்லை. சம்பளமும் இல்லை. சும்மாவே செய்தேன்.

அன்றிலிருந்து நடுநிலை என்ற சொல்லில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. எல்லாக் கோரிக்கையும் சமம் என்று என்னால் நினைக்க முடியாது. ஒரு சமூகம் தன் உரிமையைக் கேட்டு நிற்பதும், இன்னொரு சமூகத்துக்கு அது கிடைக்கக் கூடாது என்று நிற்பதும் ஒன்றல்ல. அதை ஒன்று என்று எழுதுகிறவர் நடுநிலையாளர் அல்ல, சோம்பேறி. கோரிக்கையை எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் மறுக்கலாம். ஆனால் மறுப்பதற்காகக் கூட்டத்தைச் சுருக்கக் கூடாது. மறுப்பது தலையங்கத்தில் நடக்க வேண்டியது. எண்ணுவது முதல் பக்கத்தில் நடக்க வேண்டியது. ரெண்டுக்கும் ஒரே பேனாவைப் பயன்படுத்தும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

எனக்குப் பிடித்த கூட்டத்தில் ஒருவன் கல்லெறிந்தால் நான் "ஊடுருவியவன்" என்பேன். பிடிக்காத கூட்டத்தில் ஒருவன் எறிந்தால் "இவனுங்களே இப்படித்தான்" என்பேன். செய்தியை வாசிக்கும்போது இப்போதெல்லாம் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கிறேன். கூட்டத்தின் சட்டை நிறத்தை மனசுக்குள் மாற்றிப் போட்டுவிட்டு அதே வாக்கியத்தை மறுபடி வாசிப்பது. மஞ்சளை வெள்ளையாக்கி, வெள்ளையை மஞ்சளாக்கி. வாக்கியம் அப்போதும் எனக்கு நியாயமாகப் பட்டால் சரி. பாதி நேரம் படுவதில்லை. அது செய்தியின் குறையா என் குறையா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

*

அப்பா அந்த 2007 நவம்பர் 26 நாளிதழ்களை இன்னும் வைத்திருக்கிறார். அலமாரியில், எங்கள் பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் அதே பிளாஸ்டிக் உறைக்குள். தாள் பழுத்து ஓரங்கள் உதிர்ந்துவிட்டன. போன பொங்கலுக்கு வீடு சுத்தம் செய்தபோது கையில் கிடைத்தது.

"உங்களத் திட்டி எழுதுன பேப்பர எதுக்குப்பா வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

அவர் அதை வாங்கி, ஓரம் உடையாமல் மறுபடி மடித்தார்.

"நான் போன அன்னைக்கு வந்த பேப்பர் இதான். வேற எந்த பேப்பர வைக்கிறது?"